சுக்கு, மிளகு, ஒரு டம்ளர் பால்

ராமநவமியன்று பெங்களூரில் தாகத்தோடு யாரும் வீடு திரும்ப முடியாது. மல்லேஸ்வரம், பசவனகுடி, சாம்ராஜ்பேட்டை என்று பழைய பேட்டைகளில் தெருவுக்குத் தெரு பந்தல். பெரிய அண்டாவில் பானகம், பக்கத்து அண்டாவில் நீர்மோர், தொன்னையில் பயற்றம்பருப்புக் கோசம்பரி. ஜாதி, மதம், ஊர் எதுவும் கேட்பதில்லை. ஆட்டோக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தி இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போகிறார். சாம்ராஜ்பேட்டையில் ஸ்ரீராமசேவா மண்டலி 1939ல் தொடங்கிய ராமநவமி இசை விழா இன்றும் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நடக்கிறது. பெங்களூரின் கோடைக்கு அந்தக் கச்சேரிகள் ஒரு அடையாளம் என்றால் இந்தப் பானகம் இன்னொன்று.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் மடக்கிலேயே ஒரு வித்தியாசம் தெரியும். தமிழ் வீடுகளில் பானகம் என்றால் வெல்லம், எலுமிச்சை அல்லது புளி, சுக்கு, ஏலம். பெருமாள் கோயிலென்றால் ஒரு துளி பச்சைக் கற்பூரம். கன்னடர்கள் இத்தோடு நிற்பதில்லை. விளாம்பழத்தைக் கரைத்து ஒரு பானகம், முலாம்பழத்தை மசித்து இன்னொன்று. இரண்டிலும் ஏலமும் மிளகும் தாராளம். விளாம்பழத்தின் புளிப்பும் துவர்ப்பும் வெல்லத்தோடு சேர்ந்து, கடைசியில் தொண்டையில் மிளகு இறங்கும்போது, இதுவரை எலுமிச்சைப் பானகம் மட்டுமே குடித்தவர்கள் தாங்கள் எதை இழந்தோம் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

உடம்பைக் குளிர்விக்கும் பானத்தில் உறைக்கும் சரக்கை ஏன் போடுகிறார்கள்? கேள்வி நியாயமானது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். இஞ்சியைக் காயவைத்துச் சுக்காக்கும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. இது ஜிஞ்சராலைவிடக் காரமானது. இஞ்சியைவிடச் சுக்கு ‘சுருக்’கென்று ஏறுவதன் ரகசியம் இதுதான். மாறாக, இஞ்சியைக் கொதிக்க வைத்தால் காரம் தணிந்து லேசான இனிப்பு வாசனை வரும். இஞ்சி டீ சாதுவாக இருப்பது அதனால்தான்.

நாக்கிலும் வாயிலும் உள்ள நரம்பு முனைகளில் சூட்டை உணர ஒரு வாயில் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. மிளகாய், மிளகு, இஞ்சி மூன்றின் காரப் பொருள்களும் இதே வாயிலைத் திறந்துவிடுகின்றன. இதை 1997ல் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது, ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து. அதாவது, குளிர்ந்த பானகத்தைக் குடித்தாலும் சூடாக ஏதோ உள்ளே போய்விட்டது என்று மூளை ஏமாறுகிறது. முகத்தில் வியர்வை துளிர்க்கிறது. வியர்வை உலர்ந்தால் உடம்பு குளிரும். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை உலரவே உலராது, வழிந்துகொண்டுதான் இருக்கும். பெங்களூரின் ஏப்ரல் காற்று வறண்டது. அந்த வகையில் மிளகுப் பானகத்துக்குப் பெங்களூர்தான் சரியான ஊர்.

ஏலக்காய் இதற்கு நேர் எதிர்க் கட்சி. அதிலிருக்கும் சினியோல் என்ற எண்ணெய், புதினாவின் மென்தால் தட்டும் ‘குளிர்ச்சி’ வாயிலையே லேசாகத் தட்டுகிறது. ஒரே டம்ளரில் சூடும் குளிர்ச்சியும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு யாரும் பானகம் கண்டுபிடிக்கவில்லை. குடித்துப் பார்த்து, நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெல்லம் உடம்புக்கு நல்லது, சர்க்கரைதான் கெடுதல் என்று நினைத்து நீரிழிவுக்காரர்கள் பானகத்தை இரண்டு டம்ளர் வாங்கிக் குடிப்பதைப் பந்தலுக்குப் பந்தல் பார்க்கலாம். வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையேதான். ஒரு டம்ளர் பானகத்தில் 20 முதல் 30 கிராம் வெல்லம் இருக்கும். சுக்கும் ஏலமும் அதைக் கழித்துவிடாது.

நீர்மோருக்கு அந்தத் தொல்லை இல்லை. கன்னடத்தில் மஜ்ஜிகே. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. மோரிலுள்ள புரதம் அதைப் பிடித்து அலசிக்கொண்டு போய்விடும். அதனால்தான் பச்சை மிளகாய் மிதக்கும் மோரையும் குழந்தைகள் முகம் சுளிக்காமல் குடிக்கிறார்கள். கர்நாடகப் பால் கூட்டமைப்பு இதையே ‘நந்தினி’ மசாலா மோராகப் பாக்கெட்டில் விற்கிறது. பெங்களூரில் மே மாதப் பகலில் பெட்டிக் கடைகளில் குளிர்பானத்துக்குப் போட்டி அதுதான். பெருங்காயத்தைப் பற்றி ஒரு தகவல்: தென்னிந்தியச் சமையலறை அது இல்லாமல் நடக்காது, ஆனால் அந்தச் செடி இங்கே விளைந்ததே இல்லை. ஆப்கானிஸ்தான், இரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் பிசின் வருகிறது. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹெளல் பள்ளத்தாக்கில் முதல் நாற்று நடப்பட்டது.

பெங்களூரின் இன்னொரு சொத்து கஷாயம். தமிழில் கஷாயம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் மருந்து. கர்நாடகத்தின் கடலோர, மலைநாட்டு வீடுகளில் அது காப்பிக்கு மாற்று. கொத்தமல்லி விதை, சீரகம், மிளகு, கொஞ்சம் வெந்தயம், சுக்கு எல்லாவற்றையும் வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்வார்கள். தண்ணீரில் பொடியும் வெல்லமும் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் பால். நம் ஊர் சுக்குமல்லிக் காப்பிக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி. ஒன்றில் கருப்பட்டி, இன்னொன்றில் பால், அவ்வளவுதான். 1983ல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் ‘கஃபே தர்ஷினி’யைத் தொடங்கிய பிறகு நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல்கள் நகரமெங்கும் பெருகின. உடுப்பிக்காரர்களின் வீட்டுக் கஷாயம் அந்தக் கவுன்டர்கள் வழியாகத்தான் ஊருக்குப் பொதுவானது. இன்று காப்பி, டீ, பாதாம் பாலுக்குப் பக்கத்தில் பல தர்ஷினிகளின் விலைப் பலகையில் கஷாயத்துக்கும் ஒரு வரி உண்டு. மழைக்கால மாலையில் அதைக் கேட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குச் சளி. மீதிப் பேருக்கு ருசி.

பொடியைக் கொதிக்கவிடும்போது பாத்திரத்தை மூட வேண்டும் என்று பாட்டிகள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மல்லி, சீரகம், ஏலம் மூன்றின் வாசனையும் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. திறந்து கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், டம்ளர் மணக்காது.

வியாபாரிகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? பெங்களூரில் இயங்கும் ஹெக்டர் பெவரேஜஸ், கோக கோலாவில் இருந்த நீரஜ் கக்கரும் நண்பர்களும் தொடங்கியது. 2013ல் ‘பேப்பர் போட்’ என்ற பெயரில் ஆம் பன்னாவையும் ஜல்ஜீராவையும் பையில் அடைத்து விற்க ஆரம்பித்தது. பிறகு ராமநவமியை ஒட்டிப் பானகமும் வந்தது. விமானத்திலும் சூப்பர் மார்க்கெட்டிலும் பானகம் விலைக்குக் கிடைக்கும் என்று 1990களில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சிரிப்பு நின்றது 2020ல். கொரோனாவுக்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மக்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தார்கள். ஏப்ரலில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் ஒரு கஷாயப் பொடிக்குக் கணக்கே கொடுத்தது: துளசி 4 பங்கு, லவங்கப்பட்டை 2, சுக்கு 2, மிளகு 1. தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீர் தெருத் தெருவாக வழங்கப்பட்டது. ‘நந்தினி’ மஞ்சள் பாலைப் புட்டியில் அடைத்தது; இஞ்சி, மிளகு, லவங்கம், துளசி என்று வரிசை நீண்டது. எல்லாவற்றின் மீதும் ஒரே வாசகம்: எதிர்ப்புச் சக்தி. இவை எதுவும் கொரோனாவைத் தடுத்ததாக நிரூபணம் இல்லை. தொண்டைக்கு இதமாக இருந்தது. பயந்திருந்த வீடுகளில் செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. அதன் மதிப்பு குறைவில்லை, ஆனால் அது வேறு கணக்கு.

மஞ்சள் பாலோடு மிளகைச் சேர்த்தே ஆக வேண்டும், சேர்த்தால் மஞ்சளின் சத்து 2,000 சதவீதம் கூடும் என்ற பேச்சும் அப்போதுதான் வீட்டுக்கு வீடு பரவியது. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் இந்த எண் பிறந்த இடம் பெங்களூர்தான். கோரமங்களாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறை ஆய்வு அது. 1998ல் ‘பிளாண்டா மெடிகா’ என்ற ஐரோப்பிய இதழில் வெளியானது. லண்டனிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் மஞ்சள் பாலுக்கு ‘கோல்டன் லாட்டே’ என்று பெயர் வைத்து, மேலே ஒரு சிட்டிகை மிளகுத்தூள் தூவிக் கொடுப்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது அந்த நான்கு பக்கக் கட்டுரை.

என்ன செய்தார்கள்? மஞ்சளின் நிறத்துக்கும் புகழுக்கும் காரணமான குர்குமின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, ஆரோக்கியமான சிலருக்கு 2 கிராம் கொடுத்தார்கள். ரத்தத்தில் தேடினால் அநேகமாக ஒன்றுமே இல்லை. குர்குமின் குடலைத் தாண்டுவதற்குள்ளும் ஈரலிலும் வேதிமாற்றம் அடைந்து வெளியேற்றப்பட்டுவிடுகிறது. அடுத்த முறை அதே 2 கிராமோடு மிளகின் காரப் பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் குர்குமின் தென்பட்டது. கணக்குப் போட்டால் 2,000 சதவீத அதிகரிப்பு. எலிகளில் கிடைத்த எண் இதைவிட எவ்வளவோ சிறியது: 154 சதவீதம்.

‘அநேகமாக ஒன்றுமில்லை’ என்பதை இருபது மடங்காக்கினால் கிடைப்பதும் கொஞ்சம்தான் என்பதை லாட்டே கடைகள் சொல்வதில்லை. கட்டுரை ஆசிரியர்களில் ஒருவர் முகம்மது மஜீத், மிளகுச் சத்தை ‘பயோபெரின்’ என்ற பெயரில் காப்புரிமையோடு விற்ற பெங்களூர் சாமி லேப்ஸின் நிறுவனர். அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் அந்த எண் இவ்வளவு வேகமாக உலகம் சுற்றியதற்கு அதற்குப் பின்னால் ஒரு வியாபாரம் இருந்ததும் ஒரு காரணம்.

அடுப்படிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு டம்ளர் பாலில் கால் டீஸ்பூன் மஞ்சள் தூள், சுமார் முக்கால் கிராம், போடுகிறோம். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். ஆக, டம்ளரில் இருப்பது 22 மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த 2 கிராம் வேண்டுமென்றால் 90 டம்ளர் பால் குடிக்க வேண்டும். பைப்பரின் விஷயம் அப்படியல்ல. மிளகில் அது ஏறக்குறைய 5 சதவீதம். ஏழெட்டு மிளகைத் தட்டிப் போட்டால் ஆய்வில் கொடுத்த 20 மில்லிகிராம் வந்துவிடும். அதாவது, வீட்டு மஞ்சள் பாலில் ஆய்வுக்கூட அளவுக்கு இருப்பது மிளகுதான், மஞ்சள் அல்ல. பாட்டியின் செய்முறையில் பால் இருப்பது மட்டும் வேதியியலுக்கும் சம்மதம்: குர்குமினும் பைப்பரினும் தண்ணீரில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை.

மஞ்சளின் பெருமை ஏற்கெனவே ஒரு முறை காப்புரிமை அலுவலகம் வரை போனது. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு 1995ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. மாஷேல்கர் தலைமையிலிருந்த சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் இதழ்களையும் தேடி எடுத்துக்கொண்டு போய் வாதிட்டு, 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. அந்த வெற்றிக்குப் பிறகு மஞ்சளால் குணமாகாத நோயே இல்லை என்ற நம்பிக்கை வளர்ந்தது. 2017ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சன் குழு, குர்குமினை வைத்து மனிதர்களிடம் நடத்திய 120க்கு மேற்பட்ட சோதனைகளைப் புரட்டிப் பார்த்தது. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று இரு தரப்புக்கும் தெரியாமல் கறாராக நடத்திய ஒரு சோதனையும் வெற்றி பெறவில்லை என்பது அதன் முடிவு. இஞ்சியின் நிலை இவ்வளவு மோசமில்லை. கர்ப்பிணிகளின் குமட்டலைத் தணிக்க நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிராம் இஞ்சி உதவுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்றுகள் உண்டு. விளம்பரம் மட்டும் மஞ்சளுக்கு.

விவகாரம் டம்ளரோடு நின்றிருந்தால் கவலையில்லை. மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரைகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்புகளைக் கண்காணிக்கும் அமைப்பு, மஞ்சள் மாத்திரையோடு தொடர்புடைய 10 பேரின் நிலையை 2022ல் வெளியிட்டது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பரிசோதித்த 7 மாத்திரைகளில் 3ல் பைப்பரின் இருந்தது. பத்தில் ஏழு பேருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. எல்லோருக்கும் இது நடக்காது என்பதற்கு அது ஒரு விளக்கம். இத்தாலியிலும் இதே புகார் கிளம்பி, அரசு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு வகுத்த அன்றாட வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் குர்குமின். 60 கிலோ மனிதருக்கு 180 மில்லிகிராம். மஞ்சள் பாலில் இந்த வரம்பைத் தொடுவதே சிரமம். மாத்திரையில் ஒரே விழுங்கில் தாண்டிவிடலாம்.

பாலில் போடும் மஞ்சளில் பயப்பட வேண்டியது வேறு. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் என்ற சாயத்தைப் பூசுவதை 2019ல் ஆராய்ச்சியாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. அரசு கடைவீதிகளில் சோதனை நடத்தி அபராதம் விதித்தது. 2019ல் மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021ல் இல்லாமல் போனது. இந்தியாவில் பாட்னாவில் எடுத்த மாதிரிகளிலும் அபாயகரமான அளவு ஈயம் இருந்ததாக 2024ல் ஆய்வு வந்தது. முழு மஞ்சளாக வாங்கி அரைத்தால் தப்பிக்கலாம் என்பதும் அரைகுறை உண்மை. சாயம் பூசப்படுவது பெரும்பாலும் முழு மஞ்சளில்தான். கண்ணைப் பறிக்கும் மஞ்சளைவிட மங்கலான விரலி மஞ்சள் மேல்.

பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்கிறது தமிழ்ப் பழமொழி. விஷத்தை மிளகு முறித்துவிடும் என்ற நம்பிக்கை. பெங்களூர் ஆய்வு காட்டியது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. வேண்டாததை மாற்றி வெளியே தள்ளும் ஈரலின் வேலையைப் பைப்பரின் சற்று நேரம் தடுத்து வைக்கிறது. அந்த இடைவெளியில்தான் குர்குமின் ரத்தத்தில் தங்குகிறது. குர்குமினுக்குக் கிடைக்கும் சலுகை மற்ற மருந்துகளுக்கும் கிடைக்கும். ஆஸ்துமாவுக்கான தியோபிலின், ரத்த அழுத்தத்துக்கான புரோபிரனலால், வலிப்புக்கான பெனிடாயின் ஆகியவற்றின் அளவு பைப்பரினால் ரத்தத்தில் கூடுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் மஞ்சள் மாத்திரை எடுத்து ஆபத்தான நிலைக்குப் போனதைப் பார்த்து, 2018ல் நியூசிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. ரசத்தில் விழும் மிளகுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இத்தகைய மருந்துகளைத் தினமும் சாப்பிடுகிறவர்கள் மிளகுச் சத்து மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை. ‘வீட்டு வைத்தியம்தானே’ என்று பலரும் சொல்வதில்லை; டாக்டர்களும் பெரும்பாலும் கேட்பதில்லை.

மிளகின் இந்தக் குணத்தை நேரடியாகப் பயன்படுத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தைப் பழைய வைத்தியர்கள் ஏன் மருந்துக்கு மருந்து சேர்த்தார்கள் என்ற கேள்வியை ஜம்முவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடம் நீண்ட காலம் துருவியது. அதன் விளைவாக, காடிலா பார்மசூட்டிகல்ஸ் 2009ல் ‘ரைசோரின்’ என்ற காசநோய் மருந்தைக் கொண்டுவந்தது. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அதில் 200 மில்லிகிராம்தான். கூடச் சேர்த்த பைப்பரின் 10 மில்லிகிராம். மூன்று நான்கு மிளகில் இருக்கும் அளவு.